எட்டி நின்று போட்ட அட்சதை

புத்தூர் மருத்துவமனையிலிருந்து வந்த நாள்முதல் பிச்சமுத்துவுக்குத் தன் உடம்பைக் கண்டாலே பயம். ஈரலில் புற்றுக்கட்டி. தொடை வழியே மெல்லிய குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் ரத்தக்குழாயில் தூசியளவுக் கதிர்வீச்சு மணிகளை இறக்கியிருந்தார்கள். அவை கட்டியைத்தான் பொசுக்கும். ஆனாலும் ஒரு வாரம் கர்ப்பிணிகளையும் குழந்தைகளையும் நெருங்க வேண்டாம் என்று டாக்டர் சொல்லி அனுப்பினார்.

முசிறியில் தன் வாழைத்தோட்டத்தில் நடக்கும்போதும் உள்ளே ஏதோ ஒன்று விழித்திருப்பது போலவே இருக்கும். கதவைச் சாத்திக்கொண்டு, சட்டையைத் தூக்கி, வயிற்றில் வெளிச்சம் தெரிகிறதா என்று பார்ப்பார்.

அந்த வாரத்தில்தான் மகள் தேவதர்ஷினிக்கு ஸ்ரீரங்கத்தில், புகுந்த வீட்டில் வளைகாப்பு. பிடித்தவனைக் கட்டிக்கொண்டு போன மகள். வெகுநாள் பேசாமலிருந்த அப்பா, அவள் உண்டாகியிருக்கிறாள் என்றதும் தானே போன் செய்து வருகிறேன் என்றிருந்தார். வயிற்றுப்பிள்ளைக்காரியிடம் நோயைச் சொல்லக் கூடாது என்று மனைவி மாரியாயி அவர் வாயை அடைத்திருந்தாள்.

விழாவில் அவர் வாசலை விட்டு அசையவில்லை.

"என்ன சம்பந்தி, செருப்புக்குக் காவலா?" என்றாள் மாப்பிள்ளையின் அம்மா. கூடம் சிரித்தது.

கை நிறைய வளையல் குலுங்க, ஆசீர்வாதம் வாங்க மகள் வந்தாள். பிச்சமுத்து தெருவுக்கே இறங்கிவிட்டார்.

"கிட்ட வராத."

சிரிப்பு அறுந்தது. மகள் படியிலேயே நின்றுவிட்டாள். "இன்னும் என் மேல கோவம் போகலையாப்பா?"

பின்னால் நின்ற மாரியாயி சொல்லாதீர்கள் என்று கண்ணாலேயே கெஞ்சினாள். அவரால் மறைக்க முடியவில்லை.

"கோவம் இல்ல தாயி. ஈரல்ல கட்டி. கதிர்வீச்சு வச்சு அனுப்பிருக்காங்க. அது உன் பிள்ளை மேல பட்டுடக் கூடாது."

தேவதர்ஷினியின் கை வயிற்றைப் பொத்தியது. கால் தானாகப் பின்வாங்கியது. அதைத்தான் அவரும் வேண்டினார். ஆனாலும் அந்த ஒரு அடி அவர் நெஞ்சில் இறங்கியது. அங்கிருந்தே அவள் அழுதபடி கும்பிட, கையிலிருந்த அட்சதையைத் தெருவிலிருந்தே போட்டார். பாதி படியில் சிதறியது. அதைப் பொறுக்கித் தன் தலையில் தானே போட்டுக்கொண்டாள்.

வாரம் கழிந்தது. இனிப் பயமில்லை என்றார் டாக்டர். ஸ்ரீரங்கத்துக்கு வந்த பிச்சமுத்து மறுபடியும் வாசலிலேயே நின்றார். மகள் இறங்கி வந்து அவர் கையைப் பற்றித் தன் வயிற்றில் வைத்தாள். உள்ளே ஒரு துடிப்பு. பிள்ளையின் உதையா, தன் விரலிலிருந்து கிளம்பிய ஏதாவதா? எடுக்கவும் மனமில்லாமல், அழுத்தவும் துணிவில்லாமல், அந்தக் கையை அப்படியே வைத்திருந்தார்.