நான் திருத்தி எழுதிய சாட்சிகள்

காலை ஆறு பத்து. சென்ற வருடம் மாசி மாதத்தில் ஒரு செவ்வாய்க்கிழமை. மட்டக்களப்பு வாவியோரத்தில் உள்ள என் வீட்டில் கண் விழித்ததும் முதலில் பார்த்தது, தொலைபேசியில் வந்து கிடந்த ஒரு குரல்செய்தியை. லண்டனிலிருந்து ஒரு பெண் சட்டத்தரணி அனுப்பியிருந்தார்.

"நீங்கள் அனுப்பின மூண்டு கடிதமும் கிடைச்சது. மூண்டையும் ஒராள்தான் எழுதியிருக்கிறார் எண்டு முதல் பக்கத்திலேயே தெரியுது. இதைக் குடுத்தால் வழக்கே பொய் எண்டு சொல்லிப்போடுவினம்."

எழுதியவன் நான்தான்.

பக்கத்து வீட்டுப் பெண்ணின் மகன் பிரித்தானியாவில் அகதித் தஞ்சம் கேட்டிருந்தான். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டது. மேன்முறையீடு செய்யவும் புதிய சாட்சியங்களை முன்வைக்கவும் சட்டத்தில் அவனுக்கு உரிமை இருந்தது. அதிலும் தோற்றால் திருப்பி அனுப்பிவிடுவார்கள்.

அவன் நாட்டை விட்டுப் போவதற்கு முன், தாங்கள் யாரென்று சொல்லாத ஆட்கள் இரண்டு முறை அவனைத் தேடி வந்தார்கள். அதை வேலிக்கு இப்பால் நின்று பார்த்தவன் நான். ஒரு மீனவர் அவனைத் தோணியில் ஏற்றி அக்கரையில் விட்டார். அங்கே கிரானைச் சேர்ந்த ஒரு பெண், தன் வட்டையில், அதாவது வயல்வெளியில், இருந்த காவல் குடிலில் அவனை ஒளித்து வைத்தார். மூவரும் கண்டதை எழுதிக் கொடுக்க வேண்டும்.

பத்திரிகையில் இருபது வருடம் பிரதேசச் செய்திகளைத் திருத்தியவன் நான். மற்ற இருவரும் சொன்னதைக் கேட்டு வந்து, சீராக எழுதி, கையெழுத்து மட்டும் வாங்கினேன். நாட்கள் பொருந்தாத இடத்தில் பொருத்தினேன். 'உயிரச்சத்துடன் காணப்பட்டார்' என்ற தொடர் மூன்று கடிதங்களிலும் இருந்தது. நல்ல வேலை செய்துவிட்டதாகவே நினைத்திருந்தேன்.

ஆவணங்கள் அன்று லண்டன் நேரம் நண்பகலுக்குள் போய்ச் சேர வேண்டும். எங்களுக்கு அது மாலை ஐந்தரை. அவரவர் தங்கள் கையால், தங்கள் பேச்சில், தமிழிலேயே எழுதட்டும் என்று சட்டத்தரணி சொல்லியிருந்தார்.

பையனின் தாயை ஓட்டோவில் ஏற்றிக்கொண்டு போனேன். மீனவர் கரையில் வலை கழுவிக்கொண்டிருந்தார். விசயத்தைச் சொன்னதும் சிரித்தார்.

"நானும் வாசிச்சனான், அண்ணன். அதுல கதைக்கிறவர் நல்லாப் படிச்ச ஆள். அவர நான் இன்னும் நேர்ல காணல்ல."

கவிழ்த்துப் போட்ட தோணியின் மேல் தாளை வைத்து எழுதினார். ஒரு பக்கத்துக்கு ஒன்றேகால் மணி நேரம் எடுத்தது. நான் ஒரு சொல்லையும் திருத்தவில்லை. அது எனக்குப் பழக்கமில்லாத வேலை.

கிரானுக்குப் போனபோது வட்டையில் நெல் வெட்டும் இயந்திரம் ஓடிக்கொண்டிருந்தது. அந்தப் பெண் வரம்பில் நின்றே கையை ஆட்டினார்.

"மெசின் போனா இனி அடுத்த கிழமைதான் வரும் தம்பி. வெட்டு முடியட்டும்."

முடிய இரண்டே முக்கால் ஆயிற்று. பேனையைக் கையில் வாங்கிப் பார்த்துவிட்டு, "என்ட கையெழுத்தப் பாத்தா வெள்ளக்காரன் பயந்திருவான்" என்றார். பிறகு நிலத்தில் உட்கார்ந்து, ஒவ்வொரு சொல்லையும் வாய்விட்டுச் சொல்லிச் சொல்லி எழுதினார்.

நாலேகாலுக்கு இரண்டு கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் பார்த்தேன். மீனவர் அவனை வெள்ளிக்கிழமை கொண்டுபோய் விட்டு, ஞாயிற்றுக்கிழமை திரும்ப ஏற்றியதாக எழுதியிருந்தார். அப்படியென்றால் இரண்டு இரவுகள். இந்தப் பெண்ணோ மூன்று இரவுகள் என்று எழுதியிருந்தார்.

"மூண்டு ராவும் நான்தானே சோறு குடுத்தன்," என்றார் அவர். "தோணிக்காரனுக்கு நாள் பிசகிப் போயிரிக்கும்."

மீனவரைத் தொலைபேசியில் பிடித்தேன். ஞாயிறுதான் என்று அவரும் உறுதியாகச் சொன்னார்.

பையனின் தாய் என் கையைப் பிடித்துக்கொண்டார். "ஒரு சொல்லுத்தானே அண்ணன். மாத்தி உடுங்க. ரெண்டு பேரும் ரெண்டு விதமாச் சொன்னா என்ட புள்ளயப் பொய்யன் எண்டுதானே சொல்லுவாங்க?"

என் சட்டைப் பையில் பேனை இருந்தது. 'மூன்று' என்பதை அடித்து 'இரண்டு' என்று எழுதச் சொன்னால் அந்தப் பெண் எனக்காக எழுதியிருப்பார். எது சரி என்று எனக்குத் தெரியாது. அவர்கள் இருவருக்கும் தெரிந்திருந்தது. வேறு வேறாகத் தெரிந்திருந்தது. சட்டத்தரணியைக் கேட்கலாமென்று மூன்று முறை அழைத்தேன். அவர் எடுக்கவில்லை.

மாற்றவில்லை. ஓட்டமாவடியில் ஒரு கடையில் ஸ்கேன் செய்து, ஐந்து பன்னிரண்டுக்கு அனுப்பினேன். அடுத்த நான்கு மாதமும் அந்தத் தாய் வேலிக்கு அப்பால் நின்று முகத்தைத் திருப்பிக்கொண்டார். இரவில் எனக்கும் அந்த ஒரு சொல்தான் நினைவுக்கு வரும்.

மற்ற இருவரின் சாட்சியத்தையும் திருத்தியவன் என்பதால், என் கடிதத்தைச் சட்டத்தரணி சேர்க்கவே இல்லை. மற்ற இரண்டையும் நீதிபதி ஏற்றார். நாள் கணக்கில் உள்ள வேறுபாடு, காலம் கடந்து நினைவுகூரும் இருவரிடம் எதிர்பார்க்கக் கூடியதே என்று தீர்ப்பில் எழுதியிருந்தார். பையனை அகதியாக ஏற்றுக்கொண்டார்கள்.

செய்தி வந்த அன்று தாய் என் வீட்டுக்கு ஓடி வந்தார். அழுதார், சிரித்தார். பிறகு கேட்டார்:

"அப்ப இனிப் பயமில்லாம வந்து போகலாம்தானே அண்ணன்?"

தீர்ப்பை அவருக்கு வாசித்துக் காட்டியவன் நான். இதையும் நானே சொல்ல வேண்டியிருந்தது. அவனுக்குக் கிடைக்கப்போகும் பயண ஆவணம் எல்லா நாடுகளுக்கும் செல்லுபடியாகும், இலங்கையைத் தவிர.