தட்டில் விழும் கோதுகள்

சுட்டு முடிந்த தோட்டாவின் பித்தளைக் கோதை நாங்கள் எறிவதில்லை. அதில் மறுபடியும் மருந்தும் குண்டும் ஏற்றிச் சுடலாம். ஆனால் சுடச்சுட அதன் கழுத்து இறுகி, ஒருநாள் பிளந்துவிடும். ஆகவே கழுத்தை மட்டும் சூடாக்கி இளக்க வேண்டும். எப்படிச் சூடாக்குவது என்பதில் எங்கள் இலக்குச் சுடும் கிளப்பில் ஆளுக்கொரு கட்சி. நானும் லேசில் விட்டுக்கொடுக்கிற ஆளில்லை.

லண்டன் ஈஸ்ட் ஹாம் வீட்டின் பின்பக்க ஷெட்டில் மூன்று முறைகளையும் செய்து பார்த்தேன். காஸ் சுவாலையில் கொஞ்சம் கண் அசந்தாலும் கழுத்து ஒன்றுக்கும் உதவாமல் இளகிப்போகும். உருக்கிய உப்பில் தோய்த்தால் சீராக வரும், ஆனால் கழுவி மாளாது. கடைசியில் மின்சாரத்தால் சூடாக்கும் இயந்திரம் ஒன்று வாங்கினேன். எந்த முறையானாலும், சூடான கோதை ஒவ்வொன்றாகச் சில்வர் தட்டில் விழவிட்டு ஆறவைப்பேன். அந்தச் சத்தம் எனக்குப் பிடிக்கும். வீட்டுக்குள்ளே மனைவி டிவியின் சத்தத்தைக் கூட்டுவாள். நாடகப் பைத்தியம் என்று பகிடி பண்ணுவேன்.

போன வருடம் துப்பாக்கி உரிமத்தைப் புதுப்பிக்கும் விசாரணைக்கு ஓர் அதிகாரி வந்தார். சாதாரண உடுப்பு, கழுத்தில் அடையாள அட்டை, தன்மையான மனிதர். என்னை வெளியே நிற்கச் சொல்லிவிட்டு, வீட்டில் துப்பாக்கி இருப்பதில் ஏதும் சங்கடமா என்று மனைவியிடம் கேட்டார். விருப்பமில்லையென்றால் தயங்காமல் சொல்லலாம் என்றார். "நோ ப்ராப்ளம்" என்று அவள் மூன்று தரம் சொன்னது கதவுக்கு வெளியே நின்ற எனக்குக் கேட்டது.

அவர் போனபின் உள்ளே வந்தேன். சோபா விளிம்பை இறுகப் பிடித்தபடி அவள் வாசலையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"விருப்பமில்லையெண்டால் அவரிட்டைச் சொல்லியிருக்கலாமே," என்றேன்.

"வீட்டுக்குள்ள வந்து நிண்டு கேக்கிறவங்களுக்கு நான் என்னெண்டு உண்மை சொல்லுறது? அண்டைக்கு ஊரில வந்தவங்களும் தன்மையாத்தான் கேட்டவங்கள். அண்ணை உள்ளுக்குத்தான் நிக்கிறார் எண்டு நான்தான் சொன்னனான்."

நான் அவள் பக்கத்தில் உட்கார்ந்தேன்.

"சுட்டுப்போட்டு ஒருத்தன் குனிஞ்சு கோதுகளைப் பொறுக்கினவன். எங்கட சாப்பாட்டுத் தட்டுக்குள்ளதான் ஒண்டொண்டாப் போட்டவன்."

அவளுடைய அண்ணனைச் சுட்டுக் கொன்றார்கள் என்பது கலியாணத்துக்கு முன்பே எனக்குத் தெரியும். இதை அவள் சொன்னதில்லை. நான் கேட்டதுமில்லை. நெருப்பு நல்லதா, உப்பு நல்லதா என்று வருடக்கணக்காக மண்டையை உடைத்த எனக்கு, இவள் ஏன் டிவியைக் கூட்டுகிறாள் என்று யோசிக்கத் தோன்றவில்லை. நினைத்தால் வெட்கமாக இருக்கிறது.

உரிமம் தபாலில் வந்தது. துப்பாக்கியை விற்றுவிட்டேன், இயந்திரத்தைக் கிளப்பில் ஒருவர் கொண்டுபோனார், தட்டைக் குப்பையில் போட்டேன்.

போன கிழமை தேநீர் போடும்போது என் கை தவறி ஒரு கரண்டி தட்டில் விழுந்தது. முன்னறையில் டிவியின் சத்தம் கூடியது.