பழையவர்களுக்கு விலக்கு

இறந்துபோனவர்களின் கையெழுத்தை வாசிக்கக் கணினியைப் பழக்குவது என் வேலை. இரண்டு வருடங்களாக என் மேசைக்கு வருபவை, பத்தொன்பதாம் நூற்றாண்டின் கடைசியில் அமெரிக்க ஜனாதிபதிகளுக்குப் பதவி கேட்டு எழுதப்பட்ட கடிதங்கள். மென்பொருள் தடுமாறும் சொற்களைத் திருத்திவிட்டு, ஒவ்வொரு கடிதத்துக்கும் நான்கு கட்டங்களை நிரப்புவேன்: எழுதியவர், கேட்ட பதவி, சிபாரிசு செய்தவர், சொன்ன காரணம்.

காரணக் கட்டம்தான் எப்போதும் நீளும். போரில் ஒரு கையை இழந்தேன். தேர்தலில் உங்களுக்காக மழையில் நின்று பேசினேன். என் கணவர் பார்த்த தபால் நிலையத்தை அவருக்குப் பின் எனக்கே தாருங்கள். வேலை தெரியும் என்று எழுதியவர்கள் குறைவு, ஆளைத் தெரியும் என்று எழுதியவர்களே அதிகம். அந்த நாட்டில் அப்போது ஜனாதிபதி மாறினால் சின்ன ஊரின் தபால் அதிபர்வரை மாறுவார்கள். தனக்கு ஒரு பதவி வரவேண்டியிருக்கிறது என்று நம்பிய ஒருவன், பதவியேற்றுச் சில மாதங்களே ஆன ஜனாதிபதியை ரயில் நிலையத்தில் வைத்துச் சுட்டான். அவருக்குப் பின் வந்தவர் சிபாரிசாலேயே வளர்ந்த மனிதர். ஆனால் அரச வேலைக்குப் பரீட்சை வேண்டும் என்ற சட்டத்தில் கையொப்பமிட்டவர் அவர்தான். இந்தக் கதை எனக்கு மிகவும் பிடித்துப்போனது. மதிய உணவு நேரத்தில் சக ஊழியர்களுக்கெல்லாம் சொல்லியிருக்கிறேன்.

அம்மா, புலம்பெயர்ந்த தமிழர்கள் வாழும் ஹரோவில், ஒரு சனிக்கிழமைத் தமிழ்ப் பள்ளியில் பாலர் வகுப்பு எடுத்தார். பதினாறு வருடம். அந்த வேலை அவருக்குக் கிடைத்த விதத்தையும் என் கட்டங்களில் போடலாம். சிபாரிசு செய்தவர், பள்ளியின் தலைவர். காரணம், ஒரே ஊர். பிறந்த ஊர்வாரியாகச் சங்கங்கள் இருந்த அங்கே அதுதான் வழக்கம். நிர்வாகத்தில் எந்த ஊர்ச் சங்கத்துக்கு எத்தனை பேரோ, அந்த ஊருக்கு அத்தனை ஆசிரியர்கள். எங்கும் எழுதப்படாத இந்த விதி எல்லோருக்கும் தெரிந்திருந்தது. யாழ்ப்பாணத்தில் இடம்பெயர்ந்து இடம்பெயர்ந்து அம்மாவின் படிப்பு சாதாரண தரப் பள்ளிப் பரீட்சையோடு நின்றுவிட்டது. அப்பா இறந்த பிறகு அவர் வீட்டைவிட்டு வெளியே வராமல் கிடந்த நாட்களில், தலைவர் வந்து, "சும்மா இராமல் சின்னனுகளைப் பாருங்கோ தங்கச்சி" என்று கூட்டிப்போனார்.

முதல் நாள் அழும் பிள்ளைக்கு அம்மா தன் கைக்கடிகாரத்தைக் கழற்றிக் கொடுப்பார். "பெரிய முள்ளு இதில வந்தா அம்மா வந்திடுவா. நீங்கள்தான் பாத்துச் சொல்லவேணும், ரீச்சருக்குக் கண் தெரியாது." பிள்ளை அழுகையை விட்டுவிட்டுப் பொறுப்பை எடுத்துக்கொள்ளும்.

நான் படித்து முடித்து வேலையில் சேர்ந்ததும் பள்ளி நிர்வாகத்தில் செயலாளர் ஆனேன். அந்த வருடம் ஜெர்மனியிலிருந்து குடிவந்த, தமிழில் பட்டம் பெற்ற ஒரு பெண் ஆசிரியர் வேலைக்கு இரண்டாம் தடவையாக விண்ணப்பித்தார். அவருடைய ஊருக்கு எங்களிடம் சங்கம் இல்லை. விண்ணப்பம் பைலுக்குள் போனது. எனக்குக் கோபம் வந்தது. இரண்டு பக்கத்தில் ஒரு திட்டம் எழுதினேன். வெற்றிடங்களை வெளியே அறிவிப்பது, எழுத்துப் பரீட்சை வைப்பது, விடைத்தாளில் பெயரில்லாமல் இலக்கம் மட்டும் இடுவது, இரண்டு பேர் திருத்துவது.

பொதுக்கூட்டத்தில் நான் அமெரிக்கச் சட்டத்தையும் சொல்லிவைத்தேன். தலைவர் கண்ணாடியைக் கழற்றினார்.

"பிள்ளை, நாங்கள் என்ன பள்ளிக்கூடமோ நடத்துறம், வெள்ளை மாளிகையோ?"

எல்லோரும் சிரித்தார்கள். அவரும் சிரித்துவிட்டு இறங்கிவந்தார். "சரி, நல்ல விசயம்தான். புதுசா வாறவைக்குச் சோதினை வையுங்கோ. பழைய ரீச்சர்மாரை விட்டிடுங்கோ."

பின்வரிசையில் பிள்ளையைக் கூட்டிப்போக வந்திருந்த ஒரு தகப்பன், "விடத்தானே வேணும், செயலாளரின்ர அம்மாவும் பழைய ரீச்சரெல்லோ" என்றார்.

இந்த முறை சிரிப்பு பெரிதாக இருந்தது. என் காது சுட்டது.

"ஒருத்தரையும் விடத் தேவையில்லை," என்றேன். "எல்லாரும் எழுதவேணும். என்ர அம்மாவும்."

கைகள் உயர்ந்தன. இரண்டாம் வரிசையில் இருந்த அம்மா கடைசியாகத் தன் கையை உயர்த்தினார். ஆதரவாகத்தான்.

கிங்ஸ்பரியில் இருக்கும் எங்கள் வீட்டுக்குக் காரில் திரும்பும்போது அம்மா, "என்னட்டை ஒரு சொல்லுக் கேட்டிருக்கலாம்" என்றார்.

"கேட்டிருந்தா வேண்டாம் எண்டிருப்பீங்களோ?"

"இல்லை. கேட்டிருக்கலாம் எண்டுதான் சொன்னனான்."

மூன்று வாரம் அம்மா சமையலறை மேசையில் இருந்து படித்தார். நான் அந்தப் பக்கம் போகவில்லை. வினாத்தாள் என்னிடம் இருந்ததால், அவர் எந்தப் பக்கத்தைப் புரட்டுகிறார் என்றுகூடப் பார்க்கக்கூடாது என்று எனக்கு நானே ஒரு விதி போட்டிருந்தேன். ஒரு நாள் அம்மா, "வேற்றுமையில ஒரு சந்தேகம்" என்று ஆரம்பித்தார். "என்னட்டைக் கேக்காதேங்கோ" என்றேன். புத்தகத்தை மூடிவிட்டுச் சோறு போட்டுத் தந்தார்.

இலக்கணப் பகுதியைத் திருத்தியது நான். ஏழாம் இலக்கத் தாளைப் பிரித்ததும் கையெழுத்தைக் கண்டேன். இருபது வருடம் என் சாப்பாட்டுப் பெட்டிக்குள் துண்டுக் கடதாசியில் கிடந்த கையெழுத்து. அதை நான் இன்னொருவரிடம் மாற்றிக் கொடுத்திருக்கலாம். அப்போது அது தோன்றவில்லை. மற்றத் தாள்களைவிடக் கூடவும் இல்லாமல் குறையவும் இல்லாமல் திருத்துவதிலேயே என் கவனம் இருந்தது. சந்தேகமான ஒரு விடைக்குப் பூச்சியம் போட்டேன். சித்தியடைய ஐம்பது வேண்டும். ஏழாம் இலக்கத்துக்கு மொத்தம் நாற்பத்தாறு.

பெறுபேறு ஒட்டப்பட்ட அன்று அம்மா பொரியலைக் கிளறிக்கொண்டே கேட்டார். "என்ர பேப்பர் எண்டு உங்களுக்குத் தெரிஞ்சதோ?"

"ஓம்."

"மார்க் கூட்டிப் போடாததுக்கு எனக்குக் கோவமில்லை. போட்டிருந்தாத்தான் கோவம் வந்திருக்கும்." அடுப்பைக் குறைத்தார். "ஆனா அண்டைக்குச் சிரிச்சவைக்காக என்னை எழுத வைச்சியள். அதுதான் எனக்கு விளங்கேல்லை."

கோபம் வந்தால் மட்டுமே அம்மா என்னோடு மரியாதையாகக் கதைப்பார்.

பாலர் வகுப்பு ஜெர்மனியிலிருந்து வந்தவருக்குக் கிடைத்தது. நல்ல ஆசிரியர். பாடத்திட்டம் எழுதுகிறார், பெற்றோருக்கு மாதம்தோறும் அறிக்கை அனுப்புகிறார். என் திட்டத்தில் தவறென்று யாரும் ஒரு குறை சொல்ல முடியாது. இப்போது வேறு இரண்டு பள்ளிகள் அதைக் கேட்டு வாங்கிப் பின்பற்றுகின்றன.

பள்ளியின் கோடை விடுமுறையில், என் வேலையிடத்தில் அந்த அமெரிக்கச் சட்டத்தின் மூலப்பிரதியே என் மேசைக்கு வந்தது. அதுவரை சுருக்கத்தைத்தான் வாசித்திருந்தேன். இம்முறை வரிவரியாக வாசித்தேன். பரீட்சைகள் அந்தந்த வேலைக்குப் பொருந்தும் நடைமுறைப் பரீட்சைகளாக இருக்கவேண்டும் என்று அதில் இருந்தது. ஏற்கெனவே பதவியில் இருந்தவர்கள் பரீட்சை எழுதாமலே புதிய முறைக்குள் சேர்க்கப்பட்டதையும் அன்று தேடி அறிந்தேன். தலைவர் கேட்டதும் அதைத்தான். அழும் பிள்ளையை என்ன செய்வீர்கள் என்று என் வினாத்தாளில் ஒரு கேள்வியும் இல்லை. பாலர் வகுப்புக்கும் பத்தாம் வகுப்புக்கும் ஒரே தாள்.

திட்டத்தைத் திருத்தினேன். பாலர் வகுப்புக்கு எழுத்துப் பரீட்சை இல்லை, அரை மணி நேரம் பிள்ளைகளோடு இருந்து காட்டினால் போதும். நிர்வாகம் ஏற்றுக்கொண்டது. உதவி ஆசிரியருக்கு ஓர் இடமும் உண்டாக்கினேன். விண்ணப்பப் படிவத்தைக் கொண்டுபோய் அம்மாவிடம் கொடுத்தேன்.

அம்மா கண்ணாடியைப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாசித்தார்.

"நல்லாத்தான் எழுதியிருக்கிறாய்," என்றார். ஒருமைக்குத் திரும்பியிருந்தார். "இப்பிடித்தான் வைச்சிருக்கவேணும்."

"அப்ப போடுறீங்களோ அம்மா?"

"இல்லைப் பிள்ளை."

"இன்னும் கோவமோ?"

"கோவமில்லை." படிவத்தை மடிப்பு விழாமல் என்னிடம் திருப்பித் தந்தார். "நான் இடையில விட்டிட்டு வந்த பிள்ளையள் அடுத்த வகுப்புக்குப் போயிட்டுதுகள். போன கிழமை கடையில ஒண்டைக் கண்டனான். தாய்தான் அதுக்கு என்னை ஆரெண்டு சொல்லவேண்டி இருந்தது."