ஹிதாயத்துல்லா பாயும் ஒழுகாத கேனும்

ஒரு டீசல் கேன் வாங்க இவ்ளோ ஆர்ப்பாட்டமான்னு நீங்க கேப்பீங்க. கேளுங்க. மேற்கு தாம்பரம் மார்க்கெட்ல அந்தக் கடைக்காரரும் அதையேதான் கேட்டாரு. "அம்மா, டீசல் ஊத்தி வைக்கிற கேன்தானே? தங்கம் எடுக்கிற மாதிரி பாக்குறீங்க?"ன்னாரு. எனக்கு வந்துச்சே கோவம்! "தங்கம் கீழ விழுந்தா பொறுக்கிக்கலாம்ணா. டீசல் ஒழுகுனா மானம் போயிடும்"னேன். மனுஷன் வாயை மூடிக்கினு உள்ள போயி வேற நாலு கேனை எடுத்துக்கினு வந்தாரு.

எங்க வூட்டுக்காரரு ஹிதாயத்துல்லா பக்கத்துலதான் நின்னுகினு இருந்தாரு. பம்மல், பொழிச்சலூர், குரோம்பேட்டைன்னு இந்தப் பக்கம் கல்யாண பிரியாணின்னா அவரைத்தான் கூப்பிடுவாங்க. நான் ஜஹீரா. வெங்காயம் உரிக்கிற பொம்பளைங்களை மேய்க்கிறது, அண்டா வாடகைக்கு எடுக்கிறது, விறகுக்காரன்கிட்ட சண்டை போடுறது எல்லாம் என் வேலை. அடுப்பும் மூக்கும் அவரு வேலை.

மூக்குன்னு சும்மா சொல்லலை. கல்யாணம் ஆன புதுசுல அவரு தோல் பதனிடுற ஷெட்டுல வேலை பாத்தாரு. அந்த நாத்தம் தாங்காம சோறு எறங்காது. குளிச்சிட்டு வந்து, கையை மோந்து பாத்துட்டு, மறுபடியும் போயி குளிப்பாரு. ஒரு நாள் "செத்தாலும் இனிமே போவமாட்டேன்"னு வந்து உக்காந்துட்டாரு. நான் கத்துன கத்துல தெருவே வந்துடுச்சு. அதே மூக்குதான் அப்புறம் எங்களுக்கு சோறு போட்டுச்சு. மட்டன் நேத்து வெட்டுனதா இன்னிக்கு வெட்டுனதான்னு பையைத் திறக்காமலே சொல்லிடுவாரு. ஏலக்கா பழசுன்னா டப்பாவைத் தூக்கிப் போட்டுடுவாரு. அண்டாவைத் திறக்கும்போது ஊரே நின்னு பாக்கும். தம் போட்ட அண்டா மேல இருக்கிற தணலை ஒதுக்கி, மூடியை ஒரு ஓரமா தூக்கி, குனிஞ்சு, கண்ணை மூடி, ஒரு இழுப்பு இழுத்து, "மாஷா அல்லாஹ்"ம்பாரு. அதுக்கப்புறம்தான் யாரும் கரண்டி வைக்கலாம். அவரு தட்டுல போட்டுத் தின்னு பாக்க மாட்டாரு. அந்த ஒரு இழுப்புதான் கணக்கு.

கொரோனா ரெண்டாவது தடவை வந்தப்போ அவரும் படுத்தாரு. எழுந்தாரு, நடந்தாரு, அல்லா காப்பாத்திட்டான். மூக்கு மட்டும் திரும்பி வரலை. முதல்ல எனக்கே தெரியாது. ஒரு நாள் ராத்திரி வெச்ச மீன் கொழம்பு மறுநாள் கெட்டுப் போயி, நானே மூக்கைப் புடிச்சிக்கினு கொட்டப் போறேன், இவரு பாட்டுக்கு சோத்துல ஊத்தித் தின்னுகினு உக்காந்திருக்காரு. "இன்னாங்க, நாத்தம் தெரியலையா?"ன்னு கேட்டேன். தலையைத் தூக்கிப் பாத்தாரு பாருங்க, திருடன் மாட்டிக்கிட்ட மாதிரி! "யாருகிட்டயும் சொல்லிடாத ஜஹீரா, உன் தம்பிகிட்டகூட. மூக்கு இல்லாத மாஸ்டரை எவன் கூப்பிடுவான்?"னாரு. நானும் வாயைத் தெச்சிக்கினேன்.

அக்தர்தான் என் தம்பி. மினி வேன் அவனுது. மச்சான் மச்சான்னு இவரு காலையே சுத்துறவன். அவனுக்கும் சொல்லலை. நாக்குக்கு உப்பும் காரமும் புளிப்பும் தெரியும் இல்லையா, மிச்சத்தை பழக்கத்துல ஓட்டிட்டாரு. பிரியாணி ஒரு நாளும் தப்பலை. அண்டா திறக்கும்போது அதே இழுப்பு, அதே கண்ணை மூடுறது, அதே மாஷா அல்லாஹ். எல்லாம் நடிப்பு. அதைப் பாக்க முடியாம நான் வேற பக்கம் திரும்பிக்குவேன்.

கேன் கதைக்கு வரேன். மழைக்காலத்துல விறகு சுலுவா புடிக்காது. ரேஷன்ல மண்ணெண்ணெய் கெடைச்ச காலம் போயிடுச்சு. அதனால பங்க்ல டீசல் வாங்கி வெச்சுக்குவோம், கொஞ்சம் ஊத்திப் பத்த வெச்சா குப்புனு புடிச்சுக்கும். அதை ஊத்தி வெச்சது எதுலன்னு கேளுங்க. காலி ஆன சமையல் எண்ணெய் கேன்ல! மூடி லூஸு. ஒரு கேரி பேக்கை கிழிச்சு வாய்ல வெச்சு, அது மேல மூடியை முறுக்குவாங்க. இந்தத் தொழில்ல எல்லாரும் அப்படித்தான். "நல்ல கேன் ஒண்ணு வாங்குங்க"ன்னு நான் தொண்டைத் தண்ணி வத்த சொன்னேன். "கேரி பேக் வெச்சா சொட்டாது, நீ சும்மா பேஜார் பண்ணாத"ன்னுடுவாரு.

குரோம்பேட்டையில தனசிங் சார்னு ஒருத்தரு. ஸ்கூல் வாத்தியாரா இருந்து ரிட்டையர் ஆனவரு. கொரோனாவுக்கு முன்னாடி அவரு பொண்ணு ஜெரூஷாவுக்கு சர்ச்ல கன்ஃபர்மேஷன், அதான் சபையில முழுசா சேத்துக்கிற விசேஷம், நடந்தப்போ எங்களதுதான் பிரியாணி. அன்னிக்கு சாரு அடுப்பாண்ட வந்து, கரி பட்ட கையையே புடிச்சுக்கினு, "பாய், இவ கல்யாணத்துக்கும் நீங்கதான். இப்பவே சொல்லிட்டேன்"னாரு. சொன்ன வாக்கை மாத்தாம, போன மழையில அவ கல்யாணத்துக்கு எங்களையே கூப்பிட்டாரு.

விடியக்காலை வேன்ல சாமானை ஏத்துனோம். நான் பொடைச்சுப் பொறுக்கி வெள்ளைத் துணியில மூட்டை கட்டுன அரிசி, அண்டாங்க, விறகு. கேன் உருளக் கூடாதேன்னு அக்தர் அதை ரெண்டு அரிசி மூட்டைக்கு நடுவுல சொருவி வெச்சான். அதுவும் எங்க பழக்கம்தான். திருநீர்மலை ரோட்டுப் பள்ளத்துல வேன் தூக்கித் தூக்கிப் போட்டுச்சு. சர்ச்சுக்குப் பின்னாடி எறக்கும்போது தூறல். கேன் ஒரு மூட்டை மேல சாஞ்சு கெடக்கு.

அக்தர் கையெல்லாம் டீசல். வெறகு மேல வேற ஊத்தி இருக்கோம், அந்த எடமே டீசல் வாடைதான். அவன் நல்லபடியா சொன்னான். "மச்சான், கேன் ஒழுகியிருக்கு. என் கையே நாறுது, எனக்கு ஒண்ணும் புரியலை. மூட்டையை நீ மோந்து பாரு." அந்த இடத்துலதான் விதி நின்னுகினு இருந்துச்சு. இவரு போனாரு. மூட்டை மேல மூஞ்சியை வெச்சாரு. தூறல்ல துணி மொத்தமும் ஈரம், தொட்டுப் பாத்தாலும் எது தண்ணி எது டீசல்னு தெரியாது. நான் வெங்காயக் கூடையோட தூரத்துல நின்னேன், கூப்பிட்டிருந்தா ஓடி வந்திருப்பேன். கூப்பிடலை. கண்ணை மூடி ஒரு இழுப்பு இழுத்துட்டு, "ஒண்ணுமில்லடா, ஊற வை"ன்னுட்டாரு.

முதல் அண்டாவுல ஒரு குறையும் இல்லை. கேன் சாஞ்ச மூட்டை அரிசியைப் போட்ட ரெண்டாவது அண்டா போனது மாப்பிள்ளை வூட்டுக்காரங்க உக்காந்த பந்திக்கு. மூடியைத் திறந்தாரு, அதே இழுப்பு, "மாஷா அல்லாஹ்". தனசிங் சாரே பக்கத்துல நின்னு சிரிச்சுக்கினே பாத்தாரு. அடுப்பாண்ட டீசல் வாடை அடிச்சாலும் அது விறகோடதுன்னுதான் எல்லாரும் நெனைச்சோம். கொஞ்ச நேரத்துல அந்த சிரிச்ச மனுஷன் கையில ஒரு தட்டோட திரும்பி வந்தாரு. "பாய், இதை மோந்து பாருங்க"ன்னு நீட்டுனாரு. நான் அஞ்சடி தள்ளி நிக்கிறேன், எனக்கு அடிக்குது டீசல் நாத்தம்! உள்ள சம்மந்தியம்மா முந்தானையால வாயைப் பொத்திக்கினு எழுந்துட்டாங்களாம். ஜெரூஷா மாலையும் கழுத்துமா அழுவுதாம்.

இவரு தட்டைப் பாத்தாரு. என்னைப் பாத்தாரு. ஒரே ஒரு வார்த்தை, "சார், எனக்கு வாசனை தெரியாது"ன்னு சொல்லியிருக்கலாம். சுத்தி எங்க ஆளுங்க எல்லாம் நின்னாங்க. சொன்னா தொழில் அன்னியோட மூட்டை கட்டிடும். சாரு கேட்டாரு, "என் கண்ணு முன்னாடி மோந்து பாத்தீங்களே பாய். உங்களுக்குத் தெரியாமலா போச்சு?"

"தெரிஞ்சுது சார்"னாரு இவரு. "தம்ல போயிடும்னு நெனைச்சு விட்டுட்டேன்."

யா அல்லாஹ்! எனக்கு பூமி பொளந்து உள்ள இழுத்துக்கக் கூடாதான்னு ஆயிடுச்சு. மூக்கு இல்லாதவன்னு பேரு வாங்கறதுக்கு பயந்து, தெரிஞ்சே நாத்த சோறு போட்டவன்னு பேரு வாங்கிக்கினாரு. தனசிங் சாரு கத்தலை. கத்தியிருந்தாகூட தேவலை. தட்டை அடுப்பு மேடையில வெச்சிட்டு, "உங்களை நம்பினேன் பாய்"ன்னுட்டு, ஓட்டல்ல இருந்து பார்சல் வரவைக்க போனை எடுத்துக்கினு போயிட்டாரு. அண்டாவை கழுவிக்கூட வெக்காம வேன்ல ஏத்துனோம். வாசல்ல நின்ன சொந்தக்காரங்க எல்லாம் எங்களையே பாத்தாங்க. நான் முக்காட்டை இழுத்து மூஞ்சியை மூடிக்கினேன்.

வேன்ல அக்தர் ஒரே ஒரு கேள்விதான் கேட்டான். "நான் கேட்டப்போ ஒண்ணுமில்லன்னியே மச்சான். தெரிஞ்சே சொன்னியா?" இவரு ஜன்னல் பக்கம் திரும்பிக்கினாரு. எங்களை வூட்டுல எறக்கி விட்டுட்டுப் போனவன்தான், அப்புறம் இந்தப் பக்கமே வரலை. வேனை வேற ஒரு மாஸ்டருக்கு ஓட்டுறதா கேள்வி.

அதுக்கப்புறம் இவரு வாழ்ந்த வாழ்க்கை வாழ்க்கையா? ஜும்மாவுக்குப் போனா கடைசி வரிசையில நின்னு, தொழுகை முடிஞ்சதும் செருப்பை மாட்டிக்கினு முதல் ஆளா வந்துடுவாரு. டீக்கடைக்கே போறதில்லை. குரோம்பேட்டை வழியா போற பஸ்ஸுல ஏற மாட்டாரு. நான் ஏசுனேன், திட்டுனேன், ஒரு நாள் கையில இருந்த கரண்டியையே வீசிட்டேன். "வாய்ல இன்னா கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க? உள்ளதை சொல்ல வேண்டியதுதானே!" கரண்டியை எடுத்து கழுவி மாட்டுனாரு. அன்னிக்கு சர்ச்சாண்ட நானும் சும்மாதானே நின்னேன்னு அப்போதான் எனக்கு உறைச்சுது.

பொத்தேரி பக்கத்துல இருந்து ஒரு கல்யாண ஆர்டர் வந்துச்சு. பழைய கதை தெரியாதவங்க. ஒத்துக்கினேன். இவரு, "முதல்ல கேன் வாங்கணும்"னாரு. பல நாள் கழிச்சு அவரு வாயா சொன்ன முதல் விஷயம். அதுக்குத்தான் தாம்பரம் போனோம்.

கடைக்காரரு கொண்டு வந்த தகர கேன் பள பளன்னுதான் இருந்துச்சு. ஆனா வேன்ல அண்டா இடிச்சா நசுங்கி, ஒட்டுன இடம் விட்டுடும். மெல்லிசு பிளாஸ்டிக்கை அமுக்கிப் பாத்தேன், பலூன் மாதிரி உள்ள போச்சு, வேணாம்னேன். கடைசியா ஒண்ணு, கெட்டி பிளாஸ்டிக், சைடுல ஒட்டே தெரியலை, மூடிக்குள்ள ரப்பர் வாஷர், ஊத்துறதுக்குத் தனியா மாட்டுற குழாய். தண்ணி புடிச்சுக் குடுங்கன்னேன். இவரு வாங்கி, மூடியை முறுக்கி, தலைகீழா புடிச்சாரு. குலுக்குனாரு. உள்ளங்கையால மூடியைச் சுத்தித் தடவுனாரு. தடவுன கையை மூக்குகிட்ட கொண்டு போயிட்டு, பாதியிலேயே நிறுத்திக்கினாரு. கடைக்காரருக்கு ஒண்ணும் புரியலை. எனக்கு அழுகை முட்டிக்கினு வந்துச்சு. "இதையே குடுங்கண்ணா"ன்னேன்.

வூட்டுக்கு வந்து டீசல் ஊத்தி, பழைய பேப்பரை விரிச்சு, அது மேல கேனைப் படுக்க வெச்சாரு. மறுநாள் காலையில பேப்பர்ல ஒரு கறை இல்லை. "அக்தரை வரச் சொல்லு"ன்னாரு. நான் போன் போட்டு, அக்கா செத்துட்டேன்னு நெனைச்சுக்கினு வாடான்னு மிரட்டி வரவெச்சேன்.

வந்தவன் வாசப்படியிலேயே நின்னான். இவரு கேனைக் கொண்டு போயி அவன் காலாண்ட வெச்சாரு.

"மோந்து பாருடா."

"இன்னா மச்சான், நக்கலா? உனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப் போவுது?"

"பாருடா."

மொறைச்சுக்கினே குந்துனான். மூடியை மோந்தான், அடியை மோந்தான், பேப்பரை எடுத்து மோந்தான். "ஒண்ணும் வரலை"ன்னான்.

"எனக்கும் வரலைடா. கொரோனாவுல படுத்ததுல இருந்து வரலை. டீசலும் வரலை, பிரியாணியும் வரலை. அன்னிக்கு மூட்டையை மோந்தப்போவும் வரலை."

அக்தர் குந்துன வாக்குலயே அப்படியே உக்காந்துட்டான். கண்ணு கலங்கிப் போச்சு, ஆனா வாயில வந்தது திட்டுதான். "அட லூஸு மச்சான்! உன் பக்கத்துலயே தானே நிக்கிறேன்? எனக்கு ஒரு மூக்கு கீது இல்ல? கேட்டா குடுக்க மாட்டேனா?" அப்புறம் என் பக்கம் திரும்பி, "நீயும் சேர்ந்து மறைச்சியாக்கா?"ன்னு ஒரு பார்வை பாத்தான். எனக்குத் தலை நிமிரலை.

இவரு சட்டைப் பையில இருந்து போனை எடுத்தாரு. யாருக்குன்னு நான் கேக்கலை. அந்த போன்ல மெதுவா பேசுனாலே தெருமுனைக்குக் கேக்கும்.

"சார், ஹிதாயத்துல்லா பேசுறேன். வெச்சிடாதீங்க சார். அன்னிக்கு நான் பொய் சொன்னேன். தெரிஞ்சு போடலை சார். எனக்கு வாசனையே தெரியாது. கொரோனாவுல போயிடுச்சு. சொல்ல வெக்கப்பட்டுக்கினு உங்க பொண்ணு கல்யாணத்தைக் கெடுத்துட்டேன்."

சாரு வெச்சிடுவாருன்னுதான் நெனைச்சோம். ஆனா தனசிங் சாரு கேட்டாரு. "அப்ப எங்க ஜெரூஷா கன்ஃபர்மேஷனுக்கு செஞ்சீங்களே பாய், அது?"

"அது மோந்து பாத்து செஞ்சது சார்"னாரு இவரு. சொல்லிட்டு போனை அக்தர் பக்கம் நீட்டுனாரு. அக்தர் எழுந்து வந்து போனை வாங்கி, மச்சானுக்காக சாருகிட்ட பேச ஆரம்பிச்சான்.