பெண் கேட்கப் போகுமுன் பெண்ணே சொன்ன புத்திகள்

எங்கள் தெருவில் யாராவது உஸ்பெகிஸ்தான் போவதென்றால் இப்போது என்னிடம்தான் விசாரிக்க வருகிறார்கள். நானும் பெரிய ஆள் மாதிரி எல்லாம் சொல்லி அனுப்புகிறேன். உண்மையில் எனக்குத் தெரிந்ததெல்லாம் அந்த ஊர்ப் பெண்பிள்ளை ஒருத்தி போனில் சொல்லித் தந்ததுதான். அவளுக்குச் சொல்லத் தோன்றாத ஒன்றையும் அங்கே போய் உளறிவிட்டு வந்திருக்கிறேன்.

என் ஒரே மகன் சமர்கந்தில் டொக்டருக்குப் படித்தான். படிப்பு முடிகிற நேரத்தில், கூடப் படித்த அந்த ஊர்ப் பிள்ளையைத்தான் கட்டுவேன் என்றான். எனக்கு வந்த கோபத்தில் இரண்டு நாள் அவனோடு கதைக்கவில்லை. எங்கள் சாய்ந்தமருதில் பெண் இல்லையா, பக்கத்துக் கல்முனையில் இல்லையா என்று என் மனுசனோடுதான் சண்டை பிடித்தேன். அவர் பாவம், என்ன செய்வார்? மூன்றாம் நாள் அந்தப் பிள்ளையே வீடியோவில் வந்து, "அஸ்ஸலாமு அலைக்கும் உம்மா, சோறு திண்டீங்களா?" என்று எங்கள் ஊர்த் தமிழில் கேட்டாள். அங்கே படித்த இத்தனை வருடத்தில் என் மகன் ஒருநாளாவது அப்படிக் கேட்டிருப்பானா? கோபம் அந்த இடத்திலேயே இறங்கிவிட்டது.

நான் இறங்கி என்ன பயன்? அவளுடைய தாய் இறங்கவில்லை. ஒரே மகளை இவ்வளவு தூரம், முகம் தெரியாத மாமியார் வீட்டுக்கு அனுப்பமாட்டேன் என்று நின்றார். தாய் சம்மதிக்காமல் அந்தப் பிள்ளையும் வராது.

"நீங்களும் வாப்பாவும் நேர வந்து ஒருக்காக் கேளுங்க உம்மா. அதுக்கும் ஓம் சொல்லாட்டி நான் விட்டுருவன்," என்றான் மகன். 

பிறகு தினமும் பின்னேரம் அஸர் தொழுதுவிட்டு எங்களுக்குப் பாடம். தன் தாயை எப்படி வெல்வது என்று அந்தப் பிள்ளையே சொல்லித் தந்தாள். தமிழ் தடுமாறிய இடத்தில் மகன் எடுத்துக் கொடுத்தான். வாசல்படிக்கு இந்தப் பக்கம் நின்று சலாம் கொடுத்துக் கை நீட்டக் கூடாது, உள்ளே கால் வைத்த பிறகுதான். வட்ட ரொட்டியைக் கத்தியால் வெட்டக் கூடாது, கையால் பிய்க்க வேண்டும், குப்புற வைக்கவே கூடாது. எண்ணெய்ச் சோற்றுக்கு மேலே குளிர்தண்ணீர் குடித்தால் வயிறு பிடித்துக்கொள்ளும், தேத்தண்ணீர்தான் குடிக்க வேண்டும். கோப்பையில் அரைவாசிதான் ஊற்றுவார்கள், அதுதான் மரியாதை. நிறைய ஊற்றினால் குடித்துவிட்டு எழும்பு என்று அர்த்தமாம்.

"ஒரே தட்டில சோறு வரும் உம்மா. எல்லாரும் சுத்தியிருந்து திங்கணும்," என்றாள்.

"அது எங்கட சஹன்தானே புள்ள. அத எனக்குப் படிப்பிக்காத," என்றேன். சிரித்தாள்.

காலுக்கு இரண்டு சோடி தடித்த மேஸ் கொண்டுவரச் சொன்னாள். கல்முனையில் தேடி, இருந்ததில் தடித்ததாகப் பார்த்து வாங்கினோம். சமர்கந்துக் குளிர் அதை ஒரு பொருட்டாகவே எடுக்கவில்லை.

அவர்கள் வீட்டில் எல்லாம் ஒழுங்காகத்தான் நடந்தது. அரைக்கோப்பைத் தேத்தண்ணீர் வந்தபோது மட்டும் என் மனுசன் குனிந்து, "கேத்தில்ல முடிஞ்சிட்டுப் போல," என்றார். தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினேன். தகப்பன் நல்ல மனிதர், சிரிக்கச் சிரிக்கக் கதைத்தார். தாய் ஒரு வார்த்தை பேசாமல் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார். அந்தப் பார்வை தாங்காமல் நான்தான் வாயைத் திறந்தேன்.

"பொண்ணுக்கு எந்த வீடு?"

எங்கள் கடற்கரைப் பக்கத்தில் பெண் கேட்டுப் போனால் இது வழமையான கேள்வி. பெண்ணுக்குத்தான் தாய்தகப்பன் வீடு கொடுப்பார்கள், மாப்பிள்ளை அங்கே போய்க் குடியிருப்பான். அதை அவர்கள் பாஷையில் சொல்ல வேண்டிய மகன் என்னைப் பார்த்து விழித்தான். "சொல்லன்டா," என்றேன். சொன்னான். தகப்பனின் சிரிப்பு நின்றது. தாய் முதல்முறையாகப் பேசினார். மகன் தலையைக் குனிந்துகொண்டு அதைத் தமிழில் சொன்னான்.

"உங்கட மகனுக்கு வீடு இல்லையா, என்ட புள்ளையத் தெருவிலயா வைக்கப் போறீங்க எண்டு கேக்கிறாங்க உம்மா."

அங்கே மாப்பிள்ளை வீட்டுக்குத்தான் பெண் போவாள் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. கதவடியில் நின்ற பிள்ளை கண்ணை மூடிக்கொண்டாள். எல்லாம் என் வாயால் கெட்டது என்று நினைத்தேன். வெட்கம் ஒரு பக்கம், ஆத்திரம் ஒரு பக்கம்.

"நான் சொல்றத ஒரு சொல்லும் விடாமச் சொல்லு மகன்," என்று அந்தத் தாயைப் பார்த்தே கதைத்தேன். "எங்கட ஊர்ல வீடு பொம்பிளைக்குத்தான். நான் கடல் பக்கத்தில என்ட உம்மா தந்த வீட்டிலதான் இருக்கன். இந்த மனுசன் ஒரு சூட்கேசோட அங்க வந்தவர். என்னை எழும்பிப் போ எண்டு சொல்ல ஒருத்தராலயும் ஏலாது. எனக்கு மகள் இல்ல. அந்த வீட்டக் குடுக்க ஆளில்லாம இருக்கன். உங்கட மகள் மாமியார் வீட்டுக்கு வரல்ல. அவட வீட்டுக்கு வாறா. அவட பேர்ல எழுதித் தாறன்."

என் மனுசன் திரும்பி என்னைப் பார்த்தார். அவருக்கே அது புதுச் செய்தி. எனக்கும்தான். ஆனால் அந்தக் கவலை வருடக்கணக்காக உள்ளே கிடந்தது. மகன் ஒருநாள் எவளோ ஒருத்தியின் வீட்டுக்குப் போய்விடுவான், நான் வெறும் வீட்டைக் காத்துக்கொண்டு கிடப்பேன் என்று எத்தனை நாள் அழுதிருப்பேன்.

 தாய் மெதுவாக ஏதோ கேட்டார்.

"அப்ப நீங்க எங்க இருப்பீங்களாம் உம்மா?" என்றான் மகன். 

நான் அதை யோசித்திருக்கவில்லை. "அத அவட மகளிட்டத்தான் கேக்கணும். வீட்டுக்காரி அவதானே," என்றேன்.

அந்தப் பிள்ளை வந்து என் பக்கத்தில் இருந்தாள். "நீங்க எங்கயும் போகத் தேவல்ல உம்மா," என்று என்னிடம் சொல்லிவிட்டு, தன் தாயிடம் அவர்களுடைய பாஷையில் ஏதோ கேட்டாள்.

"என்னடா கேக்கிறா?" என்றேன்.

"வீட்டுல மூணு அறை இரிக்கி, வந்து நிக்கிற நேரம் உங்களுக்கு எது வேணும் எண்டு அவட உம்மாட்டக் கேக்கிறா."

அந்த நாட்டில் கடல் கிடையாது. தாய் கண்ணைத் துடைத்துக்கொண்டு, மகளிடம் திரும்பத் திரும்ப ஏதோ விசாரித்தார். கடைசியில் என்னைப் பார்த்துச் சின்னதாக ஒன்று சொன்னார்.

"கடல் பக்கத்து அறையாம் உம்மா," என்றான் மகன்.