முகத்தில் அடிக்காத டார்ச்

என் அக்கா புருஷனைக் கேம்ப்பில் எல்லோரும் 'டார்ச்' என்றுதான் கூப்பிடுவார்கள். நான் மட்டும் மரியாதைக்கு அத்தான் என்பேன். மரங்களுக்கு நடுவே, சுற்றுலா வருகிறவர்கள் தங்க இருபது டென்ட். வாசலையொட்டி அவருக்கு இரண்டு அறை வீடு, எதிரில் என் பெட்டிக்கடை. ராத்திரி வெளிச்சத்துக்கு அவர்தான் காவல்.

அதற்கு முன் இருபத்திரண்டு வருடம் ஒரு சினிமா தியேட்டரில் டார்ச் அடித்து இடம் காட்டினார். டார்ச்சைக் கையில் கொடுத்த முதல் நாளே மேனேஜர் சொன்னாராம்: "வெளிச்சம் காலுக்குத்தான். முகத்துல அடிச்சா, அறைஞ்சதுக்குச் சமம்." அதை அத்தான் கெட்டியாகப் பிடித்துக்கொண்டார். தியேட்டரை மூடியதும் இங்கே வந்தவர், கேம்ப்புக்கே சட்டம் போட்டுவிட்டார். பத்து மணிக்கு மேல் வெளியே தெரிகிற மாதிரி விளக்கு எரியக் கூடாது. அதற்கு முன்னாலும் விளக்கை முழங்காலுக்குக் கீழேதான் வைக்க வேண்டும். காரை நிறுத்தியதும் ஹெட்லைட்டை அணைக்க வேண்டும். டார்ச்சில் சிவப்புக் கண்ணாடித்தாள் சுற்றினால் ரொம்ப நல்லது. மீறியவர்களின் டென்ட் எண்ணைக் காலையில் வாசல் கரும்பலகையில் எழுதிவிடுவார். மானம் போகுமே என்று பயந்தே பாதிப் பேர் சீக்கிரம் தூங்கிவிடுவார்கள்.

தியேட்டர் அவருக்குக் கொடுத்த இன்னொரு சொத்து சந்தேகம். டிக்கெட் இல்லாமல் நுழைந்தவன், முன்வரிசையிலிருந்து பால்கனிக்கு நழுவியவன் என்று பார்த்துப் பார்த்து, உலகத்தில் பாதிப் பேர் வேறு யாரோ ஒருவரின் சீட்டில் உட்கார்ந்திருக்கிறார்கள் என்ற முடிவுக்கு வந்துவிட்டார். தன் கல்யாணத்தன்றே, போட்டோகிராபரின் கேமராவில் பிலிம் இல்லை என்று சந்தேகப்பட்டார். திறந்து பார்த்தால் நிஜமாகவே இல்லை. வினையே அதுதான். அன்றைக்கு அவர் தோற்றிருந்தால் என் அக்கா பிழைத்திருப்பாள். அவள் மார்க்கெட் போய் வந்தால், "இவ்வளவு நேரமா?" என்பார். "பஸ் வரலைங்க" என்றால், "நிஜமாவா?" என்பார். பாலைக் கொடுத்தால் கண்ணாடித் தம்ளருக்குப் பின்னால் டார்ச் அடித்து, தண்ணீர் கலந்திருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் குடிப்பார்.

போன மாதம் கேம்ப்பில் இரண்டு சைக்கிள் காணாமல் போனது. அடுத்த வாரம், எவனோ விடிய விடிய விளக்கு எரித்தான் என்று ஒரு புகார். முதலாளியம்மா அத்தானைக் கூப்பிட்டு, "இன்னும் ஒரே ஒரு புகார் வரட்டும். வேலையும் கிடையாது, வீடும் கிடையாது" என்று சொல்லிவிட்டார். அன்றிலிருந்து அக்காவுக்கும் தூக்கம் போயிற்று.

அந்த நேரம் பார்த்துத்தான் ஒன்பதாம் டென்ட்டுக்கு ஒரு புருஷன் பெண்டாட்டி வந்து சேர்ந்தார்கள். விதிகளைச் சொன்னபோது இரண்டு பேரும் தலையை ஆட்டினார்கள். என் கடைக்கு வந்தால் பொருளை விரலால் காட்டுவார்கள், காசைக் கொடுப்பார்கள், போய்விடுவார்கள். ஒரு வார்த்தை கிடையாது. வாயைத் திறந்தால் முத்து உதிர்ந்துவிடும் போல. எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அத்தானிடம் நானே வத்தி வைத்தேன்.

முதல் ராத்திரி பத்தரைக்கு ஒன்பதில் விளக்கு எரிந்தது. அத்தான் வெளியே நின்று, "விளக்கை அணைங்க!" என்று மூன்று முறை கத்தினார். பதில் இல்லை. டார்ச்சைத் தரையில் அடித்து டென்ட்டை நெருங்கிய பிறகுதான் அணைத்தார்கள். அவர் திரும்பியதும் மறுபடி எரிந்தது. போனார், அணைந்தது.

"காது கேட்காத மாதிரி என்னா நடிப்பு பார்த்தியா, மச்சான்?" என்றார் என்னிடம்.

மறுநாள் ராத்திரி என்னையும் இழுத்துக்கொண்டு போனார். டென்ட் துணியில் நிழல் பெரிதாக ஆடிக்கொண்டிருந்தது. நான்கு கைகள். ஒரு கை வாசலைக் காட்டியது. இன்னொன்று மூன்று விரலை நீட்டியது. மறுபடி மூன்று. சத்தம் மட்டும் துளிகூட இல்லை.

"யாருக்கோ சிக்னல் குடுக்குறான். மூணு மணிக்கு வாசல் பக்கம் வரச் சொல்றான்," என்று என் காதில் கிசுகிசுத்தார். "இன்னைக்கு விட்டா என் வீடு போச்சு."

டென்ட்டின் முன்பக்கம் திறந்திருந்தது. அத்தான் பாய்ந்து போய் நின்று, வாழ்க்கையில் முதல் தடவையாக, டார்ச்சை நேராக முகத்தில் அடித்தார்.

அந்தப் பெண்ணின் கைகள் அந்தரத்தில் நின்றன. பிறகு இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டாள். புருஷன் எழுந்து தன் காதைத் தொட்டு, இல்லை இல்லை என்று கையை ஆட்டினான். போனை எடுத்து வேகமாக எழுதி நீட்டினான்.

'எங்கள் இருவருக்கும் காது கேட்காது. கையால்தான் பேசுவோம். இருட்டில் பேச முடியாது. நேற்று நீங்கள் விளக்கை அணைக்க வைத்ததால் எங்கள் சண்டை பாதியில் நிற்கிறது.'

அவள் கண்ணைத் துடைத்துக்கொண்டு போனைப் பிடுங்கிக் கீழே சேர்த்தாள்: 'மூன்று வருடமாக இவர் என் அண்ணன் வீட்டு வாசலை மிதிக்கவே மாட்டேன் என்கிறார். நீங்களே நியாயம் சொல்லுங்கள்.'

அத்தான் டார்ச்சைத் தரைக்கு இறக்கினார். "கண்ணுலதான் கேட்கிறாங்க மச்சான். அதுலயே அடிச்சிட்டேன்," என்றார்.

அதற்குள் பத்தாம் டென்ட்டிலிருந்த பல் டாக்டர் தலையை நீட்டி, "யாருய்யா இந்நேரத்துல லைட் அடிக்கிறது? இப்பவே முதலாளியம்மாவுக்குப் போன் பண்றேன்!" என்று கத்திவிட்டு ஜிப்பை இழுத்துக்கொண்டார்.

அத்தான் அதைக் காதில் வாங்கினாரா என்றே தெரியவில்லை. வீட்டுக்குப் போய்ச் சிவப்புக் கண்ணாடித்தாள் கொண்டுவந்தார். அவர்களுடைய விளக்கில் சுற்றி, டென்ட்டின் மூலையில் தாழ வைத்தார். கை தெரிகிறதா என்று உள்ளே பார்த்தார், வெளிச்சம் தெரிகிறதா என்று பத்தாம் டென்ட் பக்கம் போய்ப் பார்த்தார். சண்டை விட்ட இடத்திலிருந்து தொடங்கியது.

திரும்பும் வழியில் நான் சொன்னேன், சொன்னதற்கு இன்றுவரை வெட்கப்படுகிறேன்: "லைட் அடிச்சது ஒன்பதாம் நம்பர்தான்னு சொல்லிடுங்க அத்தான். அவங்க காதுல விழவா போகுது?"

அவர் என்னை முறைத்துவிட்டு முன்னால் நடந்துவிட்டார்.

காலையில் முதலாளியம்மா காரை நிறுத்தும்போதே கரும்பலகை அவர் கண்ணில் பட்டது. 'நேற்று இரவு விதியை மீறியவர்: டார்ச்.' கீழே விவரமும் எழுதியிருந்தார்: 'விருந்தினரின் முகத்தில் வெளிச்சம் அடித்தார்.'

அக்கா கதவருகே முந்தானையை முறுக்கிக்கொண்டு நின்றாள். உள்ளே பாதிச் சாமானை மூட்டை கட்டி வைத்திருந்தாள்.

முதலாளியம்மா இரண்டு முறை படித்தார். "யாரைக் காப்பாத்துறீங்க?" என்று கேட்டார்.

"யாரையும் இல்லைம்மா. நான்தான் அடிச்சேன்."

"ஆளுக்கு ஆள் கால்ல அடி, கால்ல அடின்னு பாடம் எடுக்கறவர் நீங்க. நேத்து மட்டும் முகத்துல அடிச்சீங்களாக்கும்! யார்கிட்ட கதை விடறீங்க?"

"சத்தியமாம்மா."

"சத்தியம் வேறயா? அப்ப கண்டிப்பா ஏதோ இருக்கு. தப்பு பண்ணினவனைக் கண்டுபிடிக்கிற வரைக்கும் உங்களை நான் அனுப்பப் போறதில்லை. ஆனா இனிமே உங்க மேலயும் ஒரு கண்ணு இருக்கும்."

கார் போய்விட்டது. வேலை தப்பியது, வீடும் தப்பியது. அக்கா மூட்டையைப் பிரித்துப் பாத்திரங்களை எடுத்து அடுக்க ஆரம்பித்தாள். அத்தானுக்கு மட்டும் ஆறவில்லை. படியில் உட்கார்ந்து புலம்பினார்.

"உண்மையைத்தானே சொன்னேன்? பலகையிலயும் எழுதி வச்சேன். ஏன் நம்ப மாட்டேங்கிறாங்க?"

அக்கா பால் தம்ளரை அவர் பக்கத்தில் வைத்தாள். "இருபத்தாறு வருஷமா நானும் இதையேதான் கேட்கிறேன்," என்றாள். கோபமாகக்கூடச் சொல்லவில்லை. சொல்லிவிட்டு அடுப்படிக்குப் போய்விட்டாள்.

அத்தான் தம்ளரை எடுத்தார். பழக்கத்தில் மறு கை டார்ச்சைத் தேடிப் போனது. அதை எடுக்காமல், பாலைக் குடித்தார்.