கொரின்னாவின் சமையல்காரர் கொடுத்த புகார்

எங்கள் டெவன்போர்ட் துறைமுகத்தில் ஜாபெஸ் பென்ரோஸை அறியாதவர் கிடையாது. கொரின்னா என்ற போர்க்கப்பலின் சமையல்காரர். ஒரு கால் மரக்கால். பீரங்கி வண்டி ஏறி நசுங்கிய காலுக்கு ஈடாக இங்கிலாந்துக் கடற்படை கொடுத்த பதவி அது. சமைக்கத் தெரியுமா என்று அப்போது யாரும் கேட்கவில்லை. பிறகு பதினோரு வருடம் சாப்பிட்டவர்கள் கேட்டார்கள்.

கொரின்னாவின் வீரத்தையும் சொல்லிவிட வேண்டும். நீராவிக் கப்பல், இருபுறமும் வீட்டு உயரத்துக்குச் சக்கரங்கள். அவை இடத்தைப் பிடித்துக்கொண்டதால் பீரங்கிகள் ஆறுதான். காற்றில்லாத நாட்களில் பாய்க்கப்பல்களைக் கட்டி இழுப்பதே அது செய்த பெரும்பாலான போர். ரஷ்யர்களோடு சண்டை வந்தபோது பால்டிக் கடலில் ஒருநாள் முழுக்கச் சுட்டது. எதிரித் தரப்பில் ஒரு வைக்கோற்போர் வீழ்ந்தது.

"இந்தச் சக்கரம் அடிக்கிற அடியில என் பட்டாணி சூப்பு தானாவே கடைஞ்சிடுது. மேல கரி வேற கொட்டுது," என்று ஜாபெஸ் தினமும் புலம்புவார். அவர் புலம்பாவிட்டால் உடம்பு சரியில்லை என்று அர்த்தம்.

ஒரு காலை, மூடுபனியில், கார்ன்வால் கரையோரப் பாறை ஒன்றில் கொரின்னா மோதி மூழ்கியது. நூற்று நாற்பது பேரும் படகுகளில் தப்பினார்கள். ஆனால் கப்பல் போனால் கேப்டனும் மாலுமிகளும் ஒன்றாகக் கடற்படை நீதிமன்றத்தின் முன் நின்றாக வேண்டும். அந்த நீதிமன்றம் துறைமுகத்தில் நின்ற வேறொரு கப்பலில் கூடியது.

கேப்டன் வைவியனுக்கு இருபத்தொன்பது வயது. கப்பல் மூழ்கும்போது பத்து நிமிடம் அவர் தன் இடத்தில் இல்லை. எங்கே போனார் என்று பனியில் யாரும் பார்க்கவும் இல்லை. காரணம் சொல்லாவிட்டால் வேலை போய்விடும்.

"அந்தப் பத்து நிமிஷம் எங்க இருந்தீங்க?" என்றார் தலைமை நீதிபதி.

"சொல்றதுக்கில்லைங்க. ஒருத்தருக்கு வாக்குக் குடுத்திருக்கேன்."

பிறகு மாலுமிகளிடம் வழக்கமான கேள்வி: "கேப்டன் மேல உங்கள்ல யாருக்காவது புகார் உண்டா?"

பக்கத்தில் நின்ற கொதிகலன் ஆள் ஜாபெஸின் சட்டையை இழுத்தான். "அண்ணே, இன்னிக்கு ஒருநாள் வாயை மூடிக்கிட்டு இருங்க."

"இருக்குங்க புகார்!" என்றார் ஜாபெஸ். முகம் சிவந்துவிட்டது. "அடுப்படியில மரக்கால் ஒடிஞ்சு கிடந்தேன். என்னை விட்டுட்டுப் போங்கன்னேன், கேக்கல. மூட்டை மாதிரி முதுகுல போட்டுக்கிட்டுப் படியேறினாரு இந்த மனுஷன். மேல இறக்கிவிட்டதும், வெளிய சொல்லக்கூடாதுன்னு நான்தான் சத்தியம் வாங்கினேன். நாப்பது வருஷம் கடல்ல கிடந்தவனைக் கைக்குழந்தை மாதிரி தூக்கினா ஊர்ல தலைகாட்ட முடியுமா? கொதிக்கிற சூப்பைக் கூட இறக்க விடல!"

தலைமை நீதிபதி நெடுநேரம் மூக்கைச் சிந்தினார். சட்டத்தில் அதற்கு இடமுண்டு போலிருக்கிறது. விசாரணைக்காக வாங்கி வைத்திருந்த வாள் கேப்டனிடமே திரும்பியது; குற்றமில்லை என்று அர்த்தம். பாறையின் மீது நடவடிக்கை ஏதும் இல்லை.

வெளியே, படகுக்கு இறங்கும் ஏணியருகே ஜாபெஸ் ஊன்றுகோல்களோடு தடுமாறினார். கேப்டன் முதுகைக் காட்டிக் குனிந்தார்.

"தள்ளுங்க ஐயா. எல்லாரும் பாக்கறாங்க."

"இனிமே மறைக்க என்ன இருக்கு, பென்ரோஸ்?"

ஜாபெஸ் யோசித்தார். திட்டிக்கொண்டே கேப்டனின் கழுத்தைக் கட்டிக்கொண்டார்.

"மெதுவா. போன தடவையே விலாவெல்லாம் வலி."